மேட்டைத் தோண்டி மன்னனைத் தேடுவோர்

சில வாரங்களுக்கு முன் சாத்தூர்ப் பக்கம் ஓர் இலக்கியக் கூட்டம். வெம்பக்கோட்டை அகழாய்வு குறித்துப் பேச வந்த நண்பர், உரையின் உச்சத்தில், "வைப்பாற்றங்கரையில் புதைந்து கிடப்பது தமிழனின் பெர்சிபோலிஸ்!" என்று முழங்கினார். கைதட்டல் அடங்க நெடுநேரமாயிற்று. நாமும் தட்டினோம் என்பதை மறைப்பதற்கில்லை. முன்வரிசையில் அமர்ந்துவிட்டவன் தட்டாமல் இருத்தல் அரிது. வீடு திரும்பும் பேருந்தில்தான் அந்த ஒப்புமை உறுத்தத் தொடங்கியது. நண்பர் பெர்சிபோலிஸ் என்னும் பெயரை வெறும் புகழ்ச்சொல்லாகக் கையாண்டார். அந்நகரின் வரலாறு எங்ஙனம் அறியப்பட்டது என்பதைச் சற்றே நோக்கியிருந்தால் அவர் அவ்வுவமையைக் கைவிட்டிருப்பார். ஒருவேளை உரையையே கைவிட்டிருப்பார். அவர்மீது நமக்குத் தனிப்பகை ஏதுமில்லை. அவர் பேசியது நம்மில் மிகப்பலர் பேசிக்கொண்டிருப்பதுதான். ஆகவே எழுத வேண்டியதாயிற்று.

பெர்சிபோலிஸ் கிரேக்கர் இட்ட பெயர். பாரசீகர் அதனைப் பார்சா என்றனர். இன்றைய ஈரானின் தென்பகுதியில், ஷிராஸ் நகருக்கு வடகிழக்கே, மலையடிவாரத்தில் மாபெரும் கல்மேடை ஒன்றை எழுப்பி, அதன்மேல் முதலாம் டேரியஸ் பொ.மு. 518 அளவில் கட்டத் தொடங்கிய அரண்மனைத் தொகுதி அது. மகன் செர்க்சீசும் பேரன் அர்த்தசெர்க்சீசும் தொடர்ந்து கட்டினர். பொ.மு. 330இல் அலெக்சாந்தர் நகரைக் கைப்பற்றியபின் அரண்மனைகள் தீக்கிரையாயின. எரிந்த நகர் என்றதும் நமக்கு மதுரை நினைவுக்கு வரும். மதுரையை எரித்தவளுக்கு நாம் கோயில் எடுத்தோம். பாரசீகர் எரித்தவனை மறக்கவில்லை, கட்டியவனைத்தான் மறந்தனர். பின்வந்த நூற்றாண்டுகளில் அம்மக்கள் அவ்விடிபாடுகளைத் 'தக்தே ஜம்ஷீத்', அதாவது பழங்கதை மன்னன் ஜம்ஷீதின் அரியணை, என்று வழங்கினர். சமணத் துறவியர் கிடந்த கற்படுக்கைகளைப் பஞ்சபாண்டவர் படுக்கை என்று நாம் சொல்லிக்கொண்டிருந்ததைப் போன்றதே இதுவும். தூணைக் கண்டதும் ஒரு மன்னனைத் தேடிப்பிடித்து அதன்மேல் அமர்த்துவது எந்த நாட்டிலும் எளிய பணி.

1931இல் சிகாகோ பல்கலைக்கழகத்தின் கீழைத்தேய நிறுவனம் எர்ன்ஸ்ட் ஹெர்ட்ஸ்ஃபெல்டின் தலைமையில் அங்கே அகழத் தொடங்கியது. 1933இல், மேடையின் வடகிழக்கு மூலையில், அரணோடு ஒட்டிய பகுதியிலிருந்து களிமண் ஏடுகள் குவியல் குவியலாக வெளிப்பட்டன. உடைந்த துண்டுகளையும் சேர்த்தால் பல்லாயிரம். கையகல ஏடுகள், ஆப்பு வடிவ எழுத்துகள், பெரும்பாலானவை ஈலமிய மொழியில் அமைந்தவை. பொ.மு. 509 முதல் 493 வரையிலான காலத்தவை. 1936இல் இவை ஆய்வுக்கடனாகச் சிகாகோ சென்றன. ரிச்சர்ட் ஹாலக் என்னும் அறிஞர் தம் வாழ்நாளின் பெரும்பகுதியை அவற்றில் செலவிட்டு 1969இல் 2,087 ஏடுகளின் வாசகங்களை வெளியிட்டார்.

ஈலமிய மொழி என்றதுமே நம் அன்பர்கள் சிலரின் முகம் மலர்வதைக் காண்கிறோம். டேவிட் மெக்ஆல்பின் என்பார் 1970களில் ஈலமியத்தையும் திராவிட மொழிகளையும் ஒரு குடும்பத்தில் வைத்துக் கருதுகோள் ஒன்றை முன்வைத்தார். மொழியியலாளர் பெரும்பாலோர் அதனை ஏற்கவில்லை என்பது ஒருபுறமிருக்க, ஈலத்தை ஈழமாக்கி, ஈழத்திலிருந்து ஈரானுக்குப் பாலம் கட்டி முடித்துவிட்ட கட்டுரைகளை நாம் நிறையவே படித்தாயிற்று. அவ்வன்பர்களில் ஒருவரேனும் அந்த ஏடுகளில் என்ன எழுதியிருக்கிறது என்று கேட்டதாக நமக்கு நினைவில்லை. 'அது யார் மொழி?' என்பதோடு அவர்தம் ஆர்வம் நின்றுவிடுகிறது.

அவற்றில் போர்வெற்றி இல்லை. மெய்க்கீர்த்தி இல்லை. இருப்பவை படிக்கணக்குகள். இன்ன ஊரில் இத்தனை ஆண், இத்தனை பெண், இத்தனை சிறுவர், சிறுமியர், இம்மாதத்திற்கு இவ்வளவு வாற்கோதுமை, இவ்வளவு பியர், இவ்வளவு திராட்சை மது, வழங்கியவர் இன்னார். ஆடவன் ஒருவனின் மாதப்படி முப்பது லிட்டர் தானியம் என்பதுபோல் அளவு குறிக்கப்படுகிறது. வேலையாட்கள் பல நாட்டவர்: எகிப்தியர், பாபிலோனியர், லைசியர், திரேசியர், அயோனியர். இந்தியாவுக்குச் சென்றோரும் அங்கிருந்து வந்தோரும் வழியில் பெற்ற உணவுக்கும் கணக்கு உண்டு. மகப்பேறடைந்த பெண்களுக்குத் தனிப்படி. ஆனால் ஆண் மகவு ஈன்றவள் பெற்றதில் பாதியே பெண் மகவு ஈன்றவளுக்கு. சில பணிக்கூடங்களில் பெண்களே மேற்பார்வையாளர். அவர்கள் பெற்ற படி சாதாரண ஆண்கூலியின் படியைவிட மிகுதி. கருவூலப் பகுதியில் கிடைத்த வேறொரு தொகுதி ஏடுகளிலோ படிக்கு ஈடாக வெள்ளி அளந்து கொடுத்த செய்தி வருகிறது. கல்தச்சர், தச்சர், பொன்வினைஞர் ஆகியோர் அவற்றில் இடம்பெறுகின்றனர்.

இவை வெளிப்படும்வரை பெர்சிபோலிஸின் வரலாறு, கிரேக்கர் எழுதிய கதையும் டேரியஸ் தன்னைப் பற்றித் தானே பொறித்துக்கொண்ட கல்வெட்டுகளுமாக இருந்தது. அந்தத் தூண்களை நிறுத்திய கைகள் என்ன உண்டன, எத்தனை கைகள், அவற்றுள் பெண்கள் எத்தனை, பிள்ளைகள் எத்தனை என்பது அதன்பின்னர்தான் தெரிந்தது. இதைக்கொண்டு டேரியஸைத் தொழிலாளர் தோழனாக்கும் எண்ணம் நமக்கில்லை. வேலையாட்களுக்கு அவ்வேடுகளில் பெயர் கிடையாது. அளந்து கொடுத்த அலுவலனுக்குப் பெயர் உண்டு. அளந்து வாங்கியவர் எண்ணிக்கையாக மட்டுமே நிற்கிறார். எண்ணினார்கள் என்பது மட்டுமே அவ்வரசின் பெருமை. அதையும் இரக்கத்தினால் செய்யவில்லை. தானியம் களவுபோகாதிருக்கச் செய்தார்கள்.

பாரசீகரும் நம்மைப்போல் பெருமிதத்திற்கு ஆட்பட்டவர்தாம். 1971 அக்டோபரில் ஷா மன்னர், தம் முடியாட்சிக்கு 2,500 ஆண்டு நிறைந்ததென்று பெர்சிபோலிஸில் விழா எடுத்தார். பாலைநிலத்தில் பட்டுக்கூடாரங்கள், பாரிஸின் மாக்சிம் உணவகத்திலிருந்து விருந்து, உலகத் தலைவர்கள் கூடியிருக்க இடிபாடுகளின்மேல் ஒலி ஒளிக்காட்சி, இறுதியில் வாணவேடிக்கை. எட்டாண்டுக்குள் அம்முடியாட்சி இல்லை. (வாணவேடிக்கைக்கு நம்மூர் வழங்கும் சொற்களுள் ஒன்றான 'மத்தாப்பு', நிலவொளியைக் குறிக்கும் 'மஹ்தாப்' என்னும் பாரசீகச் சொல்லிலிருந்து வந்தது. சிவகாசிக்கும் பாரசீகத்துக்கும் உறவு காட்ட விழைவோர் ஈலம் வரை அலைய வேண்டுவதில்லை. கம்பி மத்தாப்புப் பெட்டியின் மேலட்டையைப் படித்தால் போதும்.)

இனி நம் மேட்டுக்கு வருவோம்.

சிவகாசியிலிருந்து வெம்பக்கோட்டை செல்லும் சாலையில் பட்டாசு ஆலைகளின் எச்சரிக்கைப் பலகைகளைக் கடந்துதான் போகவேண்டும். வைப்பாற்றின் கரையில், விஜயகரிசல்குளத்தை ஒட்டி, உச்சிமேடு என ஊரார் வழங்கும் மேடு இருக்கிறது. 2022இல் தமிழ்நாடு தொல்லியல் துறை அங்கே முதற்கட்ட அகழாய்வைத் தொடங்கியது, 2023இல் இரண்டாங்கட்டம், 2024இல் மூன்றாங்கட்டம். நுண்கற்கருவிகள், கண்ணாடி மணிகள், சூதுபவள மணிகள், சுடுமண் உருவங்கள், ஆட்டக்காய்கள், வட்டச்சில்லுகள், தக்களிகள், சிறு பொன் அணிகள், சங்கு வளையல்கள் எனப் பொருள்கள் ஆயிரக்கணக்கில் வெளிவந்தன. துறையினரின் உழைப்பின்மேல் நமக்குப் பெருமதிப்பு உண்டு. சித்திரை வெயிலில் கரிசல் மண்ணைத் தூரிகையால் நீக்கிக்கொண்டிருப்பது என்னவென்று இப்பக்கத்தில் வாழ்ந்தவர் அறிவர். நம் வழக்கு அவர்களோடு அன்று.

வழக்கு, அவர்கள் எடுத்துத் தருவதை நாம் என்ன செய்கிறோம் என்பதில். ஒரு பொன்மணி வெளிப்பட்டால் அன்றைய நாளிதழில் படம் வருகிறது. திமில் கொண்ட காளை பொறித்த சூதுபவளம் கிடைத்தால் ஏறுதழுவலின் தொன்மை நிறுவப்பட்டுவிட்டதாக மேடை அதிர்கிறது. பொருள்களின் எண்ணிக்கை ஆயிரம், இரண்டாயிரம், மூவாயிரம் எனக் கிரிக்கெட் ஓட்டம்போல் அறிவிக்கப்படுகிறது. 2025 சனவரியில் சிவகளை இரும்பின் காலம் பொ.மு. 3345 எனக் காட்டும் ஆய்வறிக்கை வெளியானது முதல், 'வெம்பக்கோட்டை எவ்வளவு பழமை?' என்பதொன்றே கேள்வியாகிவிட்டது. அடுத்த கேள்வி, 'எந்த மன்னன்?' பாண்டியன் என்றால் மகிழ்ச்சி. சிற்றரசன் என்றால் சற்றே முகவாட்டம். மூன்றாவது, 'இது நகரமா?' நகரம் என்றே சொல்லவேண்டும். சிற்றூர் என்று சொல்பவர் தமிழ்ப்பகைவர். நகராகும் வேட்கை நம் மாவட்டத்துக்குப் புதிதன்று. விருதுபட்டி, நகராட்சித் தீர்மானத்தால் விருதுநகரானது 1923இல். அத்தீர்மானத்தில் தவறொன்றுமில்லை, உயிரோடிருக்கும் ஊர் தன் பெயரைத் தானே மாற்றிக்கொள்ளலாம். மண்ணுக்குள் இருக்கும் ஊருக்கு அவ்வுரிமை இல்லாததால் நாம்தான் பொறுப்போடு நடந்துகொள்ள வேண்டும்.

அந்த மேடு தன்னைப் பற்றி என்ன சொல்கிறது? அறுத்த சங்குகளும் முற்றுப்பெறாத வளையல்களும் அங்கேயே கிடைத்திருக்கின்றன. ஆகவே வளையல் வெளியிலிருந்து வந்ததன்று, அவ்விடத்திலேயே அறுக்கப்பட்டது. சங்கு கடலிலிருந்து வரவேண்டும். வைப்பாறு மன்னார் வளைகுடாவில் கலக்கிறது. குளித்தெடுத்தவன் ஒருவன், சுமந்து வந்தவன் ஒருவன், அறுத்தவன் ஒருவன், தேய்த்து மெருகிட்டவள் ஒருத்தி. சங்கறுத்தல் என்ன தொழில் என்பது இலக்கியம் படித்தவர்க்குத் தெரியாததன்று. வேள்வி செய்யாத பார்ப்பனன் அரத்தால் சங்கறுத்து வளை செய்யும் செய்தி அகநானூற்றின் 24ஆம் பாட்டில் உவமையின் பகுதியாக வந்து போகிறது. தக்களி கிடைத்திருப்பதால் நூல் நூற்றிருக்கிறார்கள். எனில் அது பணிக்கூடங்களின் ஊர். அரண்மனை இருந்ததோ இல்லையோ, கூலி இருந்தது. பெர்சிபோலிஸில் ஏடு எழுதிய கணக்கனைப்போல் இங்கே எவனும் நமக்காக எழுதி வைக்கவில்லை. எழுதாதவற்றின் கழிவு இருக்கிறது. சங்குச் சில்லு இருக்கிறது. படிக்கத் தெரிந்தவனுக்கு அதுவும் ஏடுதான். நாமோ அதை ஓரமாகக் குவித்துவிட்டுக் காளையைப் படமெடுக்கிறோம்.

'தொன்மையே இல்லை என்று தில்லி சொல்லும்போது தொன்மையைத்தானே உரக்கச் சொல்லவேண்டும்?' என்று கேட்பார் உண்டு. இவ்வாதத்தை நாம் எளிதில் தள்ளிவிடவில்லை. கீழடி அகழாய்வாளர் அளித்த அறிக்கையைத் திருத்தித் தருமாறு 2025இல் மத்திய தொல்லியல் துறை கேட்டதையும், அவர் அதனை மறுத்ததையும் அறிவோம். வரலாறு மறுக்கப்பட்டவனுக்குப் பெருமிதமும் ஒரு கருவிதான். ஆயினும் பிறர் மறுக்கும் வரலாற்றைவிட நாமே மறுக்கும் வரலாறு ஒன்று உண்டு. அதைப் பற்றிப் பேச வெம்பக்கோட்டையிலிருந்து வெகுதூரம் போகவேண்டியதில்லை.

பதினெட்டாண்டுகளுக்கு முன் இம்மாவட்டத்தில் பணியேற்ற புதிதில், கல்லூரிக்குப் பலநாள் வராதிருந்த மாணவி ஒருத்தியின் வீட்டுக்குச் சென்றோம். "அம்மா ஆபீசுக்குப் போயிருக்கு சார்" என்றாள். எந்த அலுவலகம், என்ன பதவி என்று வினவினோம். அவள் நம்மைச் சற்று நேரம் பார்த்துவிட்டு, "வெடி ஆபீஸ் சார்" என்றாள். இப்பக்கத்தில் தீப்பெட்டி ஆலையும் பட்டாசு ஆலையும் ஆபீஸ்தான். தாய் சரம் பின்னப் போயிருந்தாள். மகள் வீட்டிலிருந்து தம்பியைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அன்றும் அதன்பிறகும் வகுப்பில் நாம் பாண்டியர் தலைநகரங்களைப் பற்றியே பாடம் நடத்தினோம். அந்த 'ஆபீஸ்' ஒருநாளும் நம் பாடக்குறிப்பில் ஏறவில்லை. பிறரைச் சாடுமுன் இதைச் சொல்லிவிடுவது முறை.

சிவகாசியின் வரலாறு என்று நாம் சொல்வது எது? 1920களில் அய்ய நாடாரும் சண்முக நாடாரும் கல்கத்தா சென்று தீப்பெட்டித் தொழில் கற்றுவந்தார்கள், ஊர் உயர்ந்தது, குட்டி ஜப்பான் ஆயிற்று. மழையில்லாத மண்ணில் அவர்கள் செய்தது அரிய செயலே. குறைத்துச் சொல்ல நமக்கு விருப்பமில்லை. ஆனால் இதுவும் டேரியஸின் கல்வெட்டைப் போன்றதே. கட்டியவர் பெயர் இருக்கிறது. திரி வெட்டியவர், மருந்து அடைத்தவர், விரல் வெந்தவர் எங்கே? 2012 செப்டம்பர் 5 அன்று முதலிப்பட்டியில் ஏறத்தாழ நாற்பது பேர் மாண்டனர். 2021 பிப்ரவரியில் அச்சன்குளத்தில் இருபதுக்கும் மேற்பட்டோர். 2023 அக்டோபரில் ரெங்கபாளையத்தில் 13 பேர். 2024 பிப்ரவரி 17 அன்று, வெம்பக்கோட்டைக்கு அருகிலேயே இராமுத்தேவன்பட்டியில் 10 பேர். அவ்வாண்டு சூனில் மூன்றாங்கட்ட அகழாய்வு தொடங்கியபோது அந்தப் பத்துப் பேருக்குத் துக்கம் கழிந்து நான்கு மாதம்தான் ஆகியிருந்தது. மாவட்டச் செய்திப் பக்கத்தில் இரண்டு எண்ணிக்கைகள் ஏறிக்கொண்டிருந்தன: மண்ணிலிருந்து எடுத்த பொருள்கள், மண்ணுக்குப் போன ஆட்கள்.

விபத்துக்குப்பின் நடக்கும் விசாரணைகளில் திரும்பத் திரும்ப வெளிப்படும் செய்தி ஒன்றுண்டு. உரிமம் ஒருவர் பெயரில் இருக்கும். நடத்துபவர் உள்குத்தகைக்கு எடுத்த வேறொருவர். அறைக்கு இத்தனை பேர் என்ற வரம்பு காகிதத்தில் இருக்கும். அன்று அறைக்குள் இருந்தவர் வேறு கணக்கு. வீட்டுக்கு எடுத்துச்சென்று வேலை செய்பவர் எந்தப் பதிவேட்டிலும் வருவதில்லை. இரண்டாயிரத்து ஐந்நூறு ஆண்டுகளுக்கு முன் ஒரு பேரரசன், பிள்ளை பெற்ற கூலிப்பெண்ணுக்கு எவ்வளவு தானியம் என்று களிமண்ணில் எழுதி வைத்தான். அதே வேலைக்கு இன்று கணிப்பொறி வைத்திருக்கும் நாம், அறைக்குள் எத்தனை பேர் இருந்தனர் என்பதைச் சடலங்களை எண்ணியே தெரிந்துகொள்கிறோம். தமிழனின் பெர்சிபோலிஸ் என்ற நண்பருக்கு நம் முதல் மறுப்பு இதுதான்: அவ்வூரின் கணக்கன் அளவுக்குக்கூட நாம் தேறவில்லை.

அந்த ஏடுகளை உலகம் எவ்வளவு பொருட்படுத்தியது என்பதையும் சொல்லவேண்டும். 1997இல் ஜெருசலேமில் நடந்த குண்டுவெடிப்பில் பாதிக்கப்பட்ட அமெரிக்கர்கள், ஈரான் தரவேண்டிய இழப்பீட்டுக்கு ஈடாகச் சிகாகோவிலிருந்த ஏடுகளைப் பறிமுதல் செய்யக் கோரி வழக்கிட்டனர். அவ்வழக்கு அமெரிக்க உச்சநீதிமன்றம் வரை சென்றது. 2018இல் அம்மன்றம் பறிமுதல் கூடாதென்று தீர்ப்பளித்தது. 2019இல் ஆயிரத்து எழுநூற்றுக்கும் மேற்பட்ட ஏடுகள் ஈரான் திரும்பின. வாற்கோதுமைக் கணக்குக்காக இரு நாட்டார் வழக்காடினர். நம் மாவட்டத்து ஆலை வருகைப்பதிவேடுகள் ஐந்தாண்டு கழித்து எங்கே இருக்கும் என்று யாரேனும் விசாரித்துப் பார்க்கலாம்.

விஜயகரிசல்குளத்தில் அகழ்பொருள்கள் மக்கள் பார்வைக்கு வைக்கப்பட்டபோது மாணவர்களை அழைத்துச் சென்றோம். ஒரு மாணவனின் தாயும் உடன் வந்தார்; அன்று அவர் வேலை செய்யும் ஆலைக்கு விடுமுறை. மாணவர்கள் பொன்னணி இருந்த பெட்டியை மொய்த்துக்கொண்டிருந்தனர். அவரோ சங்கு வளையல் துண்டுகளின் முன் நின்றுவிட்டார். பாதி அறுத்த நிலையில் பிளந்துபோன ஒன்றைக் காட்டி, "அறுக்கையில தெறிச்சிருக்கு. சேதாரத்துக்குக் கூலில பிடிச்சிருப்பாக" என்றார். முதுகலைத் தமிழ் படித்த நாம் அதே துண்டைக் கண்டு, பண்டைத் தமிழரின் அழகுணர்ச்சி என்று ஒரு வாக்கியம் மனத்துக்குள் தயாரித்து வைத்திருந்தோம்.

வரும் பருவத்தில் இளங்கலை மூன்றாமாண்டு மாணவர்க்கு ஒப்படைப்பொன்று தர எண்ணியிருக்கிறோம். ஒவ்வொருவரும் தம் தெருவிலிருந்து 'ஆபீசு'க்குப் போகிறவர்களின் பெயர், அவர்கள் செய்யும் வேலை, அதற்குரிய கூலி, விபத்தில் போனவர் இருப்பின் அவர் பெயரும் ஆண்டும் ஆகியவற்றைக் கேட்டெழுதி வரவேண்டும். இது தமிழ் இலக்கியப் பாடத்திட்டத்துக்குள் வருமா என்று துறைக்கூட்டத்தில் ஐயம் எழுப்பப்பட்டது. அகநானூற்றின் 24ஆம் பாட்டைச் சுட்டி விண்ணப்பம் எழுதிக் கொடுத்திருக்கிறோம். இன்னும் விடை வரவில்லை.